ஒரு சீசனுக்கு ஒரு இலக்கு: ஸ்னோபோர்டிங் சொல்லும் வரலாறு

கிரிக்கெட் பழக மொட்டை மாடி போதும். கால்பந்து பழக ஒரு காலி மனை போதும். ஆனால் பனி தேவைப்படும் விளையாட்டுகளின் கதை வேறு. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரும்பாலான பனிச்சறுக்கு மலைகள் டிசம்பர் வாக்கில் திறந்து, ஏப்ரல் வாக்கில் மூடிவிடுகின்றன. படிப்பவர்களுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் அதிலும் வார இறுதி நாட்கள்தான் மிச்சம். ஒரு சீசனில் இருபது நாள் மலையில் கழிப்பதே பெரிய விஷயம். அந்த இருபது நாளில் என்ன கற்றுக்கொள்வது? இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருப்பவர் சீசன் முடிவில் முன்னேறியிருப்பார். பதில் இல்லாதவர் போன வருடம் விழுந்த அதே இடத்தில் இந்த வருடமும் விழுந்துகொண்டிருப்பார்.

ஸ்னோபோர்டிங் என்பது இரண்டு கால்களையும் ஒரே பலகையில் கட்டிக்கொண்டு பனிச்சரிவில் பக்கவாட்டாக நின்றபடி இறங்கும் விளையாட்டு. ஸ்கீயிங்கில் காலுக்கு ஒரு பலகை, கையில் இரண்டு கோல்கள். ஸ்னோபோர்டில் கோல் கிடையாது, பலகையும் ஒன்றுதான். இந்த விளையாட்டின் வரலாறு அறுபது ஆண்டுகளுக்குச் சற்று மேல். அந்த வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால், மனிதர்கள் தங்களுக்கென்று இலக்கு வைத்துக்கொள்ளும் முறை எப்படியெல்லாம் மாறியது, எந்த இலக்கு வளர்த்தது, எந்த இலக்கு வாழ்க்கையையே விலை கேட்டது என்பதும் தெரியவரும்.

பொம்மையாகப் பிறந்த பலகை

1965-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள மஸ்கீகன் என்ற ஊரில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தன் மகள்கள் விளையாட இரண்டு ஸ்கீ பலகைகளைச் சேர்த்து ஒன்றாக்கிக் கொடுத்தார். அவர் மனைவி அதற்கு 'ஸ்னர்ஃபர்' என்று பெயர் வைத்தார். ஸ்னோ, சர்ஃபர் என்ற இரண்டு சொற்களின் கலவை அது. பிரன்ஸ்விக் நிறுவனம் உரிமம் பெற்று அதைத் தயாரிக்க, லட்சக்கணக்கில் விற்றது.

ஸ்னர்ஃபரில் காலைக் கட்ட எதுவும் கிடையாது. முன்முனையில் ஒரு கயிறு மட்டும் இருக்கும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதில் ஏறிய பிள்ளைகளுக்கு இருந்த ஒரே இலக்கு, விழாமல் சரிவின் அடி வரை போய்ச் சேருவது. பயிற்சியாளர் இல்லை, பாடத்திட்டம் இல்லை, யாரும் மதிப்பெண் போடவில்லை.

அந்தப் பிள்ளைகளில் ஒருவர் ஜேக் பர்ட்டன் கார்ப்பென்டர். பதினான்கு வயதில் அவருக்கு ஒரு ஸ்னர்ஃபர் கிடைத்தது. இதை இன்னும் நன்றாகச் செய்ய முடியும் என்ற எண்ணம் அவரை விடவில்லை. 1977-ல் வெர்மாண்ட் மாநிலத்தில் பர்ட்டன் நிறுவனத்தைத் தொடங்கி, மாதிரிக்கு மேல் மாதிரியாகப் பலகைகளைச் செய்து பார்த்தார். 1979-ல் மிச்சிகனில் நடந்த ஸ்னர்ஃபர் போட்டிக்கு, கால் கட்டுகள் பொருத்திய தன் சொந்தப் பலகையோடு போனார். அது ஸ்னர்ஃபரே அல்ல என்று ஆட்சேபம் எழுந்தது. கடைசியில் அவருக்காகவே ஒரு தனிப் பிரிவு திறந்தார்கள். அந்தப் பிரிவில் போட்டியிட்ட ஒரே ஆள் அவர்தான். வென்றதும் அவர்தான்!

இதே காலத்தில் டாம் சிம்ஸ் என்ற ஸ்கேட்போர்டு வீரர், பள்ளி நாட்களில் பட்டறை வகுப்பில் செய்த பலகையிலிருந்து தொடங்கித் தன் பெயரிலேயே ஸ்னோபோர்டுகளைத் தயாரித்தார். யூட்டா மாநிலத்தில் டிமிட்ரி மிலோவிச் 'விண்டர்ஸ்டிக்' என்ற பலகையைக் கொண்டுவந்தார். பொம்மை மெல்ல மெல்ல விளையாட்டுக் கருவியாக மாறியது.

தேர்வில் தேறினால்தான் மலை

கருவி தயார். ஆனால் மலை? அங்கேதான் சிக்கல். ஸ்கீ மலைகளின் உரிமையாளர்கள் இந்தப் பலகைக்காரர்களை உள்ளே விடத் தயாராக இல்லை. காப்பீட்டுப் பயம் ஒரு பக்கம். ஸ்கீ வாடிக்கையாளர்களின் முகச்சுளிப்பு இன்னொரு பக்கம். "பலகையைத் திருப்பத் தெரியாதவன் சரிவில் இருக்கும் பனியையெல்லாம் வழித்துக்கொண்டு போய்விடுவான்" என்ற புகாரும் இருந்தது.

வெர்மாண்டில் உள்ள ஸ்ட்ராட்டன் மலை 1983-ல் ஸ்னோபோர்டர்களை அனுமதித்தது ஒரு திருப்புமுனை. அதன் பிறகு கதவைத் திறந்த மலைகள் பலவும் ஒரு நிபந்தனையோடுதான் திறந்தன. லிஃப்டில் ஏறுவதற்கு முன் சிறிய தேர்வு ஒன்றில் தேற வேண்டும். இருபக்கமும் திரும்பத் தெரிகிறதா, சொன்ன இடத்தில் நிறுத்தத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தேறினால் அனுமதி, இல்லையென்றால் கீழே நின்று பழக வேண்டியதுதான்.

அவமானமாகத் தோன்றினாலும், இந்தத் தேர்வு ஒரு நல்ல காரியத்தையும் செய்தது. 'நன்றாக ஓட்ட வேண்டும்' என்ற மங்கலான ஆசை, 'இந்த இரண்டு மூன்று காரியங்களைச் செய்து காட்ட வேண்டும்' என்ற தெளிவான இலக்காக மாறியது. ஒரு பழகுநர் தனக்கு எது வருகிறது, எது வரவில்லை என்று தானே சொல்ல முடிந்தது.

1990-களுக்குள் பெரும்பாலான மலைகள் திறந்துவிட்டன. நியூ மெக்சிகோவில் உள்ள தாவோஸ் 2008-ல் தான் தடையை நீக்கியது. யூட்டாவில் ஆல்ட்டாவும் டியர் வேலியும், வெர்மாண்டில் மேட் ரிவர் கிளென்னும் இன்றும் ஸ்கீக்காரர்களுக்கு மட்டுமே.

படிப்படியாக ஏறும் பாடம்

தடைகள் விலகியதும் பயிற்றுநர்கள் வந்தார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஸ்னோபோர்டு பயிற்றுநர்களுக்கென்றே சங்கங்கள் உருவாயின. கற்றுக்கொள்ள வேண்டியவை வரிசைப்படுத்தப்பட்டன. அந்த வரிசை இன்றும் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது.

முதலில் ஒரு காலை மட்டும் கட்டிக்கொண்டு சமதளத்தில் நகர்வது. அடுத்து, குதிகால் பக்க விளிம்பில் நின்று பக்கவாட்டாகச் சறுக்கி இறங்குவது. பிறகு விரல் பக்க விளிம்பில் அதையே செய்வது. அதற்கடுத்தது 'உதிரும் இலை'. மரத்திலிருந்து இலை விழும்போது இப்படியும் அப்படியும் ஆடி இறங்குமே, அதேபோல ஒரே விளிம்பில் இடமும் வலமுமாக இறங்குவது. இதன் பிறகுதான் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாறித் திரும்புவது. அந்தத் திருப்பங்களை அடுத்தடுத்து இணைத்து பனியில் பாம்பு போலக் கோடு வரைந்து இறங்க ஆரம்பித்தால், அவர் ஸ்னோபோர்டர் ஆகிவிட்டார் என்று அர்த்தம்.

வட அமெரிக்காவில் சரிவுகளுக்கும் நிறம் உண்டு. எளிய சரிவு பச்சை வட்டம், நடுத்தரம் நீலச் சதுரம், கடினமானது கறுப்பு வைரம். இந்த நிறங்கள் பலருக்கும் இலக்காகிவிடுகின்றன. "இந்த சீசனில் கறுப்பு வைரத்தில் இறங்கிவிட வேண்டும்" என்று பலர் சொல்வதுண்டு. இதில் ஒரு பொறி இருக்கிறது. கறுப்பு வைரத்தில் யார் வேண்டுமானாலும் இறங்கலாம், உட்கார்ந்தபடியே கூட! இறங்கினோம் என்பதால் திறமை கூடிவிடாது. "நீலச் சரிவு முழுவதையும் விழாமல், இருபக்கத் திருப்பங்களும் ஒரே அளவில் இருக்கும்படி இறங்க வேண்டும்" என்ற இலக்கு கேட்கச் சிறியதாக இருக்கும். ஆனால் அதை அடைந்தவருக்கு அடுத்த சீசனில் கறுப்பு வைரம் தானாகவே வசப்படும்.

நிர்வாகவியல் படித்தவர்கள் இங்கே 'ஸ்மார்ட்' இலக்கு என்ற பெயரை நினைவுகூரலாம். இலக்கு குறிப்பானதாகவும் அளக்கக்கூடியதாகவும் காலவரை உள்ளதாகவும் இருக்க வேண்டும் என்ற கருத்தை ஜார்ஜ் டோரன் என்பவர் 1981-ல் ஒரு நிர்வாக இதழில் எழுதினார். அதற்கும் முன்பே, 1968-ல், உளவியலாளர் எட்வின் லாக் இதன் அடிப்படையைச் சொல்லியிருந்தார். 'முடிந்ததைச் செய்' என்று சொல்லப்பட்டவர்களைவிட, குறிப்பான, சற்றே கடினமான இலக்கு தரப்பட்டவர்கள் அதிகம் சாதிக்கிறார்கள் என்பது அவர் முடிவு. பின்னர் கேரி லேதமும் அவருடன் சேர்ந்து இந்தக் கோட்பாட்டை விரிவாக்கினார். அடுத்து வந்த ஆய்வுகள் ஒரு முக்கியத் திருத்தத்தையும் சேர்த்தன. வேலை புதியதாகவும் சிக்கலானதாகவும் இருந்தால், 'இவ்வளவு சாதிக்க வேண்டும்' என்பதைவிட 'இதை எப்படிச் செய்வது என்று கற்க வேண்டும்' என்ற இலக்கே நல்ல பலன் தருகிறது. பனியில் பலகையோடு நிற்பவருக்கு இதைவிடப் பொருத்தமான அறிவுரை இருக்க முடியாது.

ஒலிம்பிக் வந்தது, அளவுகோல் மாறியது

1998-ல் ஜப்பானின் நாகானோவில் ஸ்னோபோர்டிங் முதன்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. அந்தக் காலத்தின் தலைசிறந்த வீரர் என்று பலராலும் கருதப்பட்ட நார்வேயின் தெர்யே ஹாகன்சன் அதில் கலந்துகொள்ள மறுத்துவிட்டார். ஸ்கீ சம்மேளனத்தின் கையில் தங்கள் விளையாட்டை ஒப்படைத்தது அவருக்குப் பிடிக்கவில்லை. பதக்கத்தை இலக்காக வைக்காமலேயே உச்சியில் இருக்க முடியும் என்பதற்கு அவர் ஓர் உதாரணம்.

ஆனால் பெரும்பாலோர் அப்படி இருக்க முடியவில்லை. ஒலிம்பிக் வந்ததும், ஒவ்வொரு சீசனும் நான்காண்டுத் திட்டத்தின் ஒரு பகுதி ஆனது. குறிப்பாக 'ஹாஃப்பைப்' போட்டியில். ஒரு பெரிய குழாயை நீளவாக்கில் பாதியாக வெட்டிச் சரிவில் கிடத்தியது போன்ற பனிப்பள்ளம் அது. வீரர்கள் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குப் பாய்ந்து, விளிம்புக்கு மேலே காற்றில் சுழன்று இறங்குவார்கள். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் அதன் சுவர் 22 அடி உயரம். சுழற்சியைப் பாகையில் சொல்வார்கள். 360 என்றால் ஒரு சுற்று, 1080 என்றால் மூன்று சுற்று, 1260 என்றால் மூன்றரைச் சுற்று.

மலைக்குப் பின்னால் ஒரு ரகசியம்

ஷான் வைட் அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சேர்ந்தவர். பிறவியிலேயே இதயக் குறைபாடு. ஒரு வயதாவதற்குள் இரண்டு அறுவை சிகிச்சைகள். அந்தக் குழந்தை வளர்ந்து 2006 டுரின் ஒலிம்பிக்கில் ஹாஃப்பைப் தங்கம் வென்றது. அடுத்த தங்கத்துக்குப் பழைய வித்தைகள் போதாது என்பது அவருக்குத் தெரியும்.

2009-ன் தொடக்கத்தில் கொலராடோவின் சில்வர்டன் மலைக்குப் பின்புறம், ரெட் புல் நிறுவனத்தின் செலவில், அவர் ஒருவருக்காக மட்டும் ஒரு ஹாஃப்பைப் கட்டப்பட்டது. கூடவே நுரைத் துண்டுகள் நிரப்பிய ஒரு பெரிய குழி. புதிய வித்தை ஒன்றை முதலில் நுரைக்குள் விழுந்து பழகலாம். உடம்புக்கு அது பழகிய பிறகு பனியில் செய்து பார்க்கலாம். அந்த சீசனில் அவர் இலக்கு, வேறு யாரும் செய்யாத வித்தைகளைக் கற்பது. அவற்றில் முக்கியமானது 'டபுள் கார்க்'. சுழன்றபடியே உடம்பு சாய்ந்த நிலையில் இரண்டு முறை தலைகீழாகப் புரள்வது. அவற்றில் ஒன்றுதான் டபுள் மெக்ட்விஸ்ட் 1260.

கவனிக்க வேண்டியது இதுதான். அவர் வைத்த இலக்கு கற்றலுக்கான இலக்கு. அதை அடைய நுரைக்குழியும் தனிமையும் நேரமும் அவரிடம் இருந்தன. ரகசியம் வெளியே வந்ததும், அவரோடு போட்டியிட வேண்டிய மற்றவர்களுக்கும் அதே வித்தைகள் இலக்காகிவிட்டன. ஆனால் அவர்களுக்கு அந்தத் தனி மலை இல்லை. ஒலிம்பிக்குக்கு மாதங்களே இருந்தன.

2009 டிசம்பர் 31

கெவின் பியர்ஸ் வெர்மாண்டில் வளர்ந்தவர். வைட்டுக்கு ஈடுகொடுக்கக்கூடியவர் என்று பேசப்பட்ட இளைஞர். அவரும் நண்பர்களும் சேர்ந்து 'ஃபிரெண்ட்ஸ்' என்று ஒரு குழு வைத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லில் வரும் 'ஐ' என்ற எழுத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டுத்தான் எழுதுவார்கள். நட்பில் 'நான்' கிடையாது என்பது அதன் பொருள். போட்டியில் ஒருவரை ஒருவர் முந்தினாலும் ஒன்றாகப் பயணம் செய்து, ஒன்றாகப் பழகியவர்கள் அவர்கள்.

2009-ம் ஆண்டின் கடைசி நாளில் யூட்டாவின் பார்க் சிட்டியில் பியர்ஸ் டபுள் கார்க் பழகிக்கொண்டிருந்தார். இறங்கும்போது நிலை தவறி முகம் பனியில் மோத விழுந்தார். தலைக்கவசம் அணிந்திருந்தும் மூளையில் கடுமையான காயம். வான்கூவர் ஒலிம்பிக்குக்கு ஆறு வாரங்கள்தான் இருந்தன. உயிர் பிழைப்பாரா என்பதே கேள்வியாக இருந்தது. மருத்துவமனையில் நினைவின்றிக் கிடந்தவர், பிறகு நடப்பதையும் பேசுவதையும் பார்ப்பதையும் மறுபடி பழக வேண்டியிருந்தது.

"ஐ ரைட் ஃபார் கெவின்" என்ற வாசகம் கொண்ட ஸ்டிக்கர்கள் அந்தக் குளிர்காலம் முழுவதும் வீரர்களின் பலகைகளிலும் தலைக்கவசங்களிலும் தெரிந்தன. 'கெவினுக்காக ஓட்டுகிறேன்' என்று பொருள்.

வைட்டும் தப்பியது மயிரிழையில்தான். 2010 ஜனவரியில் எக்ஸ் கேம்ஸ் பயிற்சியில் டபுள் மெக்ட்விஸ்ட் செய்யும்போது அவர் முகம் ஹாஃப்பைப்பின் விளிம்பில் மோதி, தலைக்கவசம் கழன்று பறந்தது. எழுந்து வந்து அன்றைய போட்டியை வென்றார். பிப்ரவரியில் வான்கூவரில் முதல் சுற்றில் அவர் எடுத்த 46.8 புள்ளியை யாராலும் தாண்ட முடியவில்லை. இரண்டாவது சுற்றுக்கு அவர் மேலே நின்றபோதே தங்கம் உறுதியாகிவிட்டது. சும்மா இறங்கி வந்திருக்கலாம். ஆனால் அவர் அந்த டபுள் மெக்ட்விஸ்ட்டைச் செய்து காட்டி 48.4 எடுத்தார். ஒரு வருடம் முன்பு தனக்குத்தானே வைத்த இலக்கு, பதக்கத்தோடு முடிந்துவிடவில்லை என்பதைத்தான் அது காட்டியது. பியர்ஸின் நண்பர் ஸ்காட்டி லேகோ வெண்கலம் வென்றார்.

இருவரும் துணிச்சல்காரர்கள், இருவரும் உழைப்பாளிகள். ஒரே வித்தை, ஒரே குளிர்காலம். ஒருவர் மேடையில், மற்றவர் மருத்துவமனையில். இதை வெறும் விதி என்று சொல்லிவிட முடியாது. நுரைக்குழியில் விழ வாய்ப்பிருந்தவரின் தவறுகளுக்கு விலை குறைவு. தவறுக்கு விலை எவ்வளவு என்று கணக்குப் பார்க்காமல் வைக்கும் காலக்கெடு ஆபத்தானது. பின்னாளில் நுரைக்குழிகளும் காற்று நிரப்பிய மெத்தைகளும் பல நாடுகளின் பயிற்சி மையங்களில் இடம்பிடித்தன.

இலக்கை மாற்றிக்கொள்வதும் ஒரு திறமை

பியர்ஸ் மெல்லத் தேறினார். மறுபடி போட்டிக்குப் போக வேண்டும் என்பதே அவர் ஆசை. இன்னொரு முறை தலையில் அடிபட்டால் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர்கள் எச்சரித்தார்கள். குடும்பமும் கெஞ்சியது. இந்தப் போராட்டத்தை 2013-ல் வெளியான 'தி கிராஷ் ரீல்' ஆவணப்படம் காட்டுகிறது. 2011 டிசம்பரில் அவர் மீண்டும் பனியில் இறங்கினார். எளிமையாக, நண்பர்கள் சூழ, வித்தை எதுவும் இல்லாமல். போட்டி வாழ்க்கையை விட்டுவிட்டார். பின்னர் அண்ணன் ஆடமுடன் சேர்ந்து, மூளைக் காயம் பட்டவர்களுக்காக 'லவ் யுவர் பிரெய்ன்' என்ற அமைப்பை உருவாக்கினார்.

வைட்டின் கதையும் வெற்றியோடு நின்றுவிடவில்லை. 2014 சோச்சியில் சுவிட்சர்லாந்தின் யூரி பொட்லாட்சிகோவ் 1440 பாகை வித்தையால் தங்கம் வெல்ல, வைட் நான்காம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். 2017 அக்டோபரில் நியூசிலாந்தில் பயிற்சியின்போது விழுந்து முகத்தில் 62 தையல். நான்கு மாதம் கழித்து 2018 பியோங்சாங்கில், கடைசிச் சுற்றில், அடுத்தடுத்து இரண்டு 1440-களைச் செய்து மூன்றாவது தங்கத்தை வென்றார்.

அன்று வெள்ளி வாங்கியவர் ஜப்பானின் அயுமு ஹிரானோ. 2014-லும் அவருக்கு வெள்ளிதான், அப்போது வயது 15. 2017-ல் விழுந்து கல்லீரலிலும் முழங்காலிலும் காயம்பட்டவர் அவர். அடுத்து அவர் வைத்த குறி 'டிரிபிள் கார்க்', அதாவது மூன்று புரளல். 2022 பெய்ஜிங் இறுதிப் போட்டியில் அதை இரண்டாவது சுற்றில் பிசிறின்றிச் செய்தும் நடுவர்கள் 91.75 தான் கொடுத்தார்கள். அரங்கமே கொதித்தது. ஹிரானோ மறுபடி மேலே போய் அதையே மீண்டும் செய்தார். 96.00 புள்ளிகள், தங்கம்! புள்ளி நடுவர் கையில் இருக்கிறது. வித்தை மட்டும்தான் வீரர் கையில் இருக்கிறது. இந்த உண்மையை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது.

அதே பெய்ஜிங்கில் லிண்ட்சே ஜேகபெலிஸ் தன் 36-ம் வயதில் ஸ்னோபோர்டு கிராஸ் தங்கம் வென்றார். 2006-ல் எல்லைக் கோட்டுக்கு அருகே, முன்னணியில் இருந்தபோது, காற்றில் பலகையைப் பிடித்து அழகு காட்டி விழுந்து, கைக்கு வந்த தங்கத்தை இழந்தவர் அவர். பதினாறு ஆண்டுகள் உலகம் அந்த ஒரு விழுதலையே பேசியது. அவரோ சீசனுக்குச் சீசன் மலைக்கு வந்துகொண்டிருந்தார்.

முடிவாக...

ஸ்னர்ஃபரில் விழாமல் நிற்பதில் தொடங்கிய விளையாட்டு, மூன்று முறை காற்றில் புரண்டு இறங்கும் வரை வந்துவிட்டது. இதில் ஒரு படியும் ஒரே நாளில் ஏறப்பட்டதல்ல. ஒவ்வொரு குளிர்காலத்திலும் யாரோ ஒருவர், 'இந்த முறை இதைக் கற்றுக்கொள்வேன்' என்று முடிவு செய்ததால் வந்தது.

நல்ல இலக்குக்கு இந்த வரலாறு சொல்லும் இலக்கணம் எளியது. அது குறிப்பாக இருக்க வேண்டும். பிறர் கையில் இல்லாமல் தன் கையில் இருக்க வேண்டும். முந்தைய படியில் கால் நன்றாக ஊன்றிய பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும். விழுந்தால் தாங்கும் ஏற்பாடு இருக்க வேண்டும். தேவைப்பட்டால் அதை மாற்றிக்கொள்ளும் மனமும் வேண்டும்.

பனியையே பார்க்காதவர்களுக்கும் இது பொருந்தும். தேர்வுக்குப் படிப்பவருக்கும், நீச்சல் பழகுபவருக்கும், புதிதாக ஒரு மொழி கற்பவருக்கும் ஒரு சீசன் உண்டு. பனி உருகுவதற்குள் ஒரு படியாவது ஏறிவிட்டால், அந்த சீசன் வீணாகவில்லை.